கால் ஓட்டமும் சைக்கிள் ஓட்டமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம் மேடையில் எனக்கு முன்னர் பேசியவர்கள் வயதாலும் அறிவாலும் முதிர்ந்தவர்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களும் அதற்கேற்ற பெருமை உடையனவாயிருந்தன. நானோ இன்று கால்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவற்றிலும் முழங்காலுக்குக் கீழே நடப்பவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். பொறுத்தருள்வீர்களாக.

இவ் விடயத்தை நானாகத் தேடி எடுக்கவில்லை. சென்ற மாதம் செயற்குழு கூடிச் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியைப் பற்றி ஆலோசித்தபோது நடந்ததை உங்களிற் பலர் அறிவீர்கள். நமது போட்டியில் ஆறு கட்டை தூரம் கால் ஓட்டம். இருபது கட்டை தூரம் சைக்கிள் ஓட்டம். ஓட்டத்தில் முதல்வருக்கு வெள்ளிக் கிண்ணம். சைக்கிளில் முதல்வருக்கு ஒரு கைவிளக்கு. இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கிண்ணம் கொடுத்தால் என்ன என்று ஒரு தம்பி எழுந்து கேட்டார். நான் மிகவும் மதிக்கும் ஒரு பெரியவர் உடனே, "இருந்துகொண்டு போறவனுக்கும் எழும்பி ஓடுறவனுக்கும் ஒரே கிண்ணமோ?" என்று கேட்டார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். கேட்ட தம்பி சிரிக்கவில்லை. அவர் நாள்தோறும் விடியற்காலையில் மீன்பெட்டியைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு பதினைந்து கட்டை போய் வருபவர். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பெரியவர் கேட்ட கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் அதற்கு விடை தேடாமற் சிரித்துவிட்டோம். இப் பேச்சை அந்த விடையைத் தேடும் முயற்சியாகக் கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டக்காரன். மிசன் பள்ளிக்கூடத்திற் படித்த காலத்தில், காலைப் பிரார்த்தனைக்கு முன்னர் மைதானத்தைப் பத்து முறை சுற்றும்படி எங்கள் விளையாட்டு ஆசிரியர் கட்டளையிடுவார். இன்றைக்கும் அப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. ஆகையால் நான் பக்கம் சார்ந்து பேசுவேனாயின் ஓட்டத்தின் பக்கமே சாய்வேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இந்த வழக்கு நமது ஊருக்கு மாத்திரம் உரியதன்று. 1977ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் ஒன்றாகிய ஒவாகுவில், ஓர் அஞ்சல் ஓட்டப் போட்டியின் பரிசளிப்பு விருந்திலே இதே சண்டை எழுந்தது. ஓடுகிறவர்கள் வலியவர்களா, நீந்துகிறவர்கள் வலியவர்களா என்று அங்கே வாதாடிக்கொண்டிருந்தனர். ஜோன் கொலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரி எழுந்து, பெல்ஜிய நாட்டுச் சைக்கிள் வீரர் எடி மேர்க்ஸ் இவர்கள் எல்லோரிலும் அதிகமாக ஒட்சிசனை உள்ளிழுக்கக் கூடியவர் என்று தாம் படித்ததாகக் கூறினார். வாதம் முடியவில்லை. அத் தீவில் ஏற்கெனவே ஒரு நீச்சற் போட்டியும், தீவைச் சுற்றிவரும் ஒரு சைக்கிள் ஓட்டமும், ஒரு மரதன் ஓட்டமும் இருந்தன. மூன்றையும் ஒரே நாளிற் சேர்த்துச் செய்து பார்த்துவிடுவோம் என்று கொலின்ஸ் சொன்னார். 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். கோர்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 செக்கனில் முதலாவதாக வந்தார். இன்று உலகெங்கும் நடக்கும் 'இரும்பு மனிதன்' போட்டி அவ்வாறு பிறந்தது. அதிலே சைக்கிளுக்கு 180 கிலோமீற்றரும் ஓட்டத்துக்கு 42 கிலோமீற்றரும் கொடுத்திருக்கிறார்கள். ஓடும் ஒரு பங்குக்குச் சைக்கிள் நாலு பங்குக்குச் சற்று மேல். இக் கணக்கு ஆராய்ந்து வகுக்கப்பட்டதன்று. தீவில் இருந்த போட்டிகளின் தூரம் தற்செயலாக அவ்வாறு அமைந்தது. எனினும் இந்த நாலு பங்கை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

தூரத்தைச் சமமாக வைத்துப் பார்ப்பது ஒரு வழி. ஆறு கட்டை ஓடுவதும் ஆறு கட்டை சைக்கிளிற் போவதும் சமமா என்றால், இல்லை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். நேரத்தைச் சமமாக வைத்துப் பார்ப்பதே எனக்கு நீதியாகத் தோன்றுகிறது. இருவரும் ஒரு மணி நேரம் தம்மால் இயன்ற மட்டும் போகட்டும். எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பார்ப்போம். இதற்கென்றே இரு துறையிலும் ஒருமணி நேரச் சாதனைகள் உண்டு. செக்கோசிலோவாக்கிய வீரர் எமில் சற்றோபெக் 1951ஆம் ஆண்டிலே ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய முதல் மனிதரானார். 2020ஆம் ஆண்டில் பிரித்தானியரான மோ பரா 21 கிலோமீற்றர் 330 மீற்றர் ஓடினார். எழுபது வருடங்களிற் கூடியது ஒன்றேகாற் கிலோமீற்றர் அளவுதான்! சைக்கிளிலோ இத்தாலியரான பௌஸ்ரோ கொப்பி 1942இல் 45 கிலோமீற்றரைத் தாண்டினார்; 1972இல் மேர்க்ஸ் மெக்சிக்கோ நகரத்தில் 49 கிலோமீற்றர் 431 மீற்றர் போனார்; 2022இல் பிலிப்போ கன்னா 56 கிலோமீற்றர் 792 மீற்றர் போனார். கன்னாவின் தூரத்தைப் பராவின் தூரத்தால் வகுத்துப் பார்த்தேன். 2.66 வந்தது. அஃதாவது, உலகத்திலே மிகச் சிறந்த இருவர் ஒரு மணி நேரம் தம்மை முற்றாக வருத்தும்போது, ஓடும் ஒரு கட்டைக்குச் சைக்கிள் இரண்டே முக்காற் கட்டையும் வரவில்லை.

ஹவாயில் நாலுக்கு மேல். இங்கே மூன்றுக்குக் கீழ். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காற்றிலே இருக்கிறது.

ஓடுகிறவனுடைய செலவுக் கணக்கு எளிமையானது. சமதரையில் அவன் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும், ஒரு கிலோமீற்றருக்கு அவனது எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். (நாம் சாப்பாட்டுக்குச் சொல்லும் கலோரியையே குறிப்பிடுகிறேன்.) 60 கிலோ எடையுள்ள ஒருவனுக்கு ஒரு கிலோமீற்றருக்கு 60 கலோரி, மரதன் முழுவதற்கும் ஏறத்தாழ 2500 கலோரி. வேகமாக ஓடினால் செலவு விரைவாக நடக்கிறது. ஆனால் மொத்தத் தொகை பெரிதும் மாறுவதில்லை. சைக்கிள்காரனின் கணக்கு அப்படியன்று. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் சாவகாசமாகப் போனால் அதே மனிதனுக்குக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 20 கலோரியே போதும். ஓடுகிறவனுக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்கு. பெரியவர் சொன்ன 'இருந்துகொண்டு போறவன்' இவன்தான். இவனைப் பொறுத்தவரையில் அவர் சொன்னது முழு உண்மை.

ஆனால் வேகம் கூடும்பொழுது காற்று எதிர்த்து நிற்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அத் தடையை வெல்ல வேண்டிய வலுவோ வேகத்தின் கனமாகக் கூடும் என்று பௌதிகவியலிற் படித்திருக்கிறோம். வேகத்தை இரு மடங்காக்க விரும்புகிறவன் காற்றுக்கு மாத்திரம் எட்டு மடங்கு வலுவைக் கொடுக்க வேண்டும். பந்தயக்காரர் முதுகை வளைத்து முகத்தைக் கைபிடிக்குக் கிட்டத் தாழ்த்திக்கொண்டு போவது அழகுக்காகவன்று. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போவதும் அதற்காகவே. முன்னே போகிறவன் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னே வருகிறவனுக்கு வேலையில் நாலில் ஒரு பங்கோ, மூன்றில் ஒரு பங்கோ மிஞ்சுகிறது. அவ்வாறு பின்னே ஒட்டிக்கொண்டு வந்து, கடைசி நூறு யாரில் முந்தி வென்றவர்களும் நமது சங்கத்தில் உண்டு. பெயர் சொல்லமாட்டேன். அவரே இப்பொழுது முன் வரிசையிலிருந்து சிரிக்கிறார்.

இதற்குப் புத்தகம் வேண்டியதில்லை; வல்லைவெளி போதும். சோளகம் வீசும் காலத்தில் வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவன் வல்லைவெளியிற் படும் பாட்டை இங்குள்ள பெரியோர் எல்லோரும் பட்டிருப்பீர்கள். ஒரு மரமில்லை, ஒரு மதிலில்லை, காற்று நேரே நெஞ்சில் வந்து மோதும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் காற்று எதிரே வர, நாம் 15 கிலோமீற்றர் வேகத்தில் உழக்கினால், நமது உடம்புக்கு அது 35 கிலோமீற்றர் காற்று. இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பவர்களையும் அங்கே கண்டிருக்கிறேன். திரும்பி வரும்போது அதே காற்று முதுகிலே தள்ளும். அப்போது பாட்டுப் பாடிக்கொண்டு வரலாம்.

மலை இன்னுமொரு வல்லைவெளி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நாங்கள் சைக்கிளை இலேசாக எண்ணுவதற்குக் காரணம் நமது நிலம் தட்டையாயிருப்பதே. பேராதனைக்குப் படிக்கப் போன முதல் மாதத்தில், ஒரு நண்பனிடம் இரவல் வாங்கிய சைக்கிளிலே அந்தானை மலைப்பக்கம் ஏறப் போனேன். கியர் இல்லாத பழைய வண்டி. இருபது கிலோவுக்குக் குறையாது. அரைக் கட்டை போகமுன்னரே தொடையிரண்டும் தீப்பிடித்தாற் போலாயின. அப்பொழுது என்னைக் கடந்து ஒருவர் ஓடிப்போனார். ஆம், ஓடிப்போனார், என்னிலும் வயதில் மூத்தவர். இதிலே மாயமொன்றுமில்லை. ஏற்றத்தில் வேகம் குறைகிறது. ஆகவே காற்றின் தொல்லை இல்லை. அங்கே எடையைத் தூக்குவதே வேலை. ஓடுகிறவன் தன்னை மாத்திரம் தூக்குகிறான். சைக்கிள்காரன் தன்னையும் இருபது கிலோ இரும்பையும் தூக்குகிறான். செங்குத்து ஏற ஏறச் சைக்கிளின் இலாபம் கரைந்து, ஓரிடத்தில் நட்டமாகவே மாறிவிடுகிறது. பின்னர் ஒருநாள் மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய்க்கு ஏறும் வீதியில் மூன்று நண்பர்களோடு போனேன். மேலே போய்ச் சேர்ந்தபோது எங்களில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. தேநீர்க் கடைக்காரர் கேளாமலே சீனி கூட்டிப் போட்டுத் தந்தார்.

இறக்கத்திலே நிலைமை முற்றாகத் தலைகீழாகிறது. சைக்கிள்காரன் உழக்காமலே போகிறான்; இளைப்பாறுகிறான். ஓடுகிறவனுக்கோ இறக்கந்தான் பெரிய எதிரி. ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். தசை சுருங்கி வேலை செய்யும்போது படுவதிலும் இவ்வாறு நீண்டு வேலை செய்யும்போதே அதிகம் சேதப்படுகிறது. சமதரையிற்கூட ஓடுகிறவனின் கால் நிலத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அவனுடைய எடையின் இரண்டு அல்லது மூன்று மடங்கு அதன்மேல் விழும். ஒரு கட்டைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகள். மரதன் ஓடியவன் மறுநாள் படிக்கட்டிற் பின்புறமாக இறங்குவதைக் கண்டிருப்பீர்கள். சைக்கிள்காரனுக்கு இந்த அடி கிடையாது. அவனுடைய எடையை இருக்கை தாங்குகிறது. வலி வந்தாலும் கழுத்திலும் முதுகிலும் சொல்லத் தகாத இடத்திலும் வரும். மறுநாள் மீண்டும் ஏறிவிடுவான்.

அதற்காக இந்த அடியைக் கெட்டதென்றே தள்ளிவிடவும் வேண்டாம். எலும்பு அடிபட்டே உறுதி பெறுகிறது. பல வருடங்கள் சைக்கிள் மாத்திரம் ஓடிய பந்தயக்காரரின் முதுகெலும்பு ஓட்டக்காரருடையதைப் போல் அடர்த்தியாயில்லை என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

மறுநாள் ஏறிவிடலாம் என்றேன். அவ்வாறு ஏறலாம் என்பதனாலேயே சைக்கிள் ஓட்டத்தை மனிதர் பொல்லாத நீளத்துக்கு இழுத்துவிட்டார்கள். மரதன் ஓட்டத்துக்கு மேல்நாட்டுப் பெருவீரரும் வருடத்தில் இரண்டு மூன்று முறைக்குமேல் இறங்குவதில்லை; 2023இல் சிக்காகோவில் 2 மணி 35 செக்கனில் ஓடிய கென்யரான கெல்வின் கிப்ரும் தம் வாழ்நாளில் ஓடிய மரதன்கள் மூன்றே. 2024இல் வாகன விபத்தில் அவர் இறந்தபோது அவருக்கு வயது 24. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் சைக்கிள் ஓட்டமோ 1903ஆம் ஆண்டு தொடங்கியது. முதல் வருடத்தில் 60 பேர் புறப்பட்டு 21 பேரே திரும்பினர். இக்காலத்தில் அது மூன்று வாரம், 21 கட்டம், ஏறத்தாழ 3400 கிலோமீற்றர். இடையிலே இரண்டே நாள் ஓய்வு. 1980களில் ஒல்லாந்து ஆராய்ச்சியாளர் அளந்து பார்த்தபோது, அதில் ஓடுகிறவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6000 கலோரி உண்ண வேண்டியிருந்தது. நமது வீட்டில் இரண்டு மூன்று பேருக்குப் போதிய சோறு. அவ்வளவையும் உண்ண வயிறு இடங்கொடுப்பதே அங்கே ஒரு திறமை.

1913ஆம் ஆண்டு அந்தப் போட்டியில் எயுஜீன் கிறிஸ்தோப் என்பவருக்கு நடந்ததைச் சொல்லாமற் போக மனமில்லை. பிரனீஸ் மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய வண்டியின் முன்கவர் முறிந்துவிட்டது. பிறரிடம் உதவி பெறக்கூடாது என்பது அக்காலத்து விதி. வண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து மலையடிவாரத்துக் கிராமத்துக் கொல்லன் உலைக்குப் போனார். நடுவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். இரு கைகளிலும் வேலை இருந்தபடியால் உலைத்துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவினான். அதற்காக அவருக்குத் தண்டனை நேரம் விதித்தார்கள்! 'இருந்துகொண்டு போகிறவர்' என்று இவரைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நிற்க. இருதயத்தின் சாட்சியையும் கேட்க வேண்டுமல்லவா? சாதாரண மனிதனை ஓடவிட்டு அளந்தால், சைக்கிளில் வைத்து அளப்பதிலும் நூற்றுக்கு ஐந்து முதற் பத்து வரை அதிகமான ஒட்சிசனை அவன் உட்கொள்கிறான். காரணம், ஓடும்போது கை, முதுகு, வயிறு, கால் எல்லாம் வேலை செய்கின்றன. சைக்கிளிலே தொடைகளே பெரும்பாலும் உழைக்கின்றன. அதனால் பழக்கமில்லாதவனுக்குச் சைக்கிளிலே மூச்சு முட்டமுன்னர் தொடை சோர்ந்துவிடும். பல வருடம் பழகிய சைக்கிள் வீரரிடம் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது. இதை என்மேலேயே சோதித்துப் பார்த்தேன். ஒருநாள் மூன்று கட்டை முழு வேகத்தில் ஓடி நின்றவுடன் கழுத்து நாடியைப் பதினைந்து செக்கன் எண்ணினேன்: 46. இன்னொரு நாள் அதே நேரம் எடுக்கும் தூரத்தைச் சைக்கிளில் முழு வேகத்தில் உழக்கி எண்ணினேன்: 43. நிமிடத்துக்கு 184, 172. ஒருவனுடைய இரண்டு நாள் எண்ணிக்கையை விஞ்ஞானம் என்று சொல்லத் துணியேன். ஆனால் ஓட்டக்காரனாகிய என் இருதயமும் சைக்கிளில் இருந்தபடி தூங்கிவிடவில்லை என்பதற்கு இது போதும்.

இனி நமது போட்டிக்கு வருவோம். கால் ஓட்டம் ஆறு கட்டை. 60 கிலோ எடையுள்ளவனுக்கு ஏறத்தாழ 580 கலோரி. சைக்கிள் இருபது கட்டை. ஓட்டத்தின் மூன்றேகால் மடங்கு சொச்சம். சாவகாசமாகப் போகிறவனுக்கு இது ஓட்டத்துக்குச் சற்றேறக்குறையச் சமமாகிறது. பந்தயத்தில் எவரும் சாவகாசமாகப் போவதில்லை. மணிக்கு 30 கிலோமீற்றரை எட்டினால் சைக்கிள்காரனின் செலவு ஓட்டக்காரனுடையதை மிஞ்சிவிடும். நேரத்தாலும் அவனே கூட உழைக்கிறான். ஆறு கட்டையை நமது பையன்கள் முக்கால் மணிக்குள் முடிக்கிறார்கள். இருபது கட்டைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டும். நான் எந்தப் பக்கம் சாய்ந்து கணக்குப் போட்டாலும் கைவிளக்குக்கு நியாயம் கிடைக்கவில்லை.

ஆயினும் ஓட்டத்துக்குத் தனியான ஓர் ஆபத்து உண்டு. உண்மையில் நான் இங்கே எழுந்து நிற்பதற்குக் கிண்ணத்திலும் பெரிய காரணம் அதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன்னர் வேறோர் ஊரிற் புத்தாண்டு ஓட்டமொன்றில் நான் கலந்துகொண்டேன். வரவேற்பு, கொடியேற்றம், பேச்சுகள் எல்லாம் முடிந்து ஓட்டம் தொடங்கும்போது மணி பதினொன்றரை. ஐந்தாம் கட்டை வரை ஞாபகம் இருக்கிறது. வியர்வை நின்றுபோனதும், வெய்யிலிலே குளிர் போல உடம்பு சிலிர்த்ததும் ஞாபகம் இருக்கிறது. பிறகு கண் விழித்தபோது ஒரு வீட்டு விறாந்தையிற் கிடந்தேன். முன்பின் அறியாத ஓர் ஆச்சி கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக என்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் செய்தது மிகச் சரியான வைத்தியம் என்று பின்னர் அறிந்தேன். உடம்பின் கொதிப்பை உடனே தணிப்பதைத் தவிர வேறு வழி அப்பொழுது இல்லை. அந்த ஆச்சி வீட்டு வாசலில் விழாமல் அடுத்த வளைவில் விழுந்திருந்தால் இன்று உங்கள் முன் நிற்பேனா என்பது சந்தேகமே.

நாம் செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்குகூட அசைவாக மாறுவதில்லை. மிகுதி யாவும் சூடாகவே உடம்பிற் சேர்கிறது. சைக்கிள்காரனுக்கு அவன் வேகமே விசிறி. ஓடுகிறவனுக்கு அத்தனை காற்றுக் கிடைப்பதில்லை. பின்காற்று வீசினால் அதுவும் இல்லை. அத்துடன் சித்திரை நடுப்பகுதியில் நமது குடாநாட்டிலே சூரியன் நண்பகலில் நேரே உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. வருடத்திலே அவ்வாறு நிற்கும் இரண்டு காலங்களில் ஒன்றைப் பார்த்துத்தான் நாம் ஓட்டத்தை வைத்திருக்கிறோம்.

1912ஆம் ஆண்டு ஸ்ரொக்கோம் ஒலிம்பிக் மரதனைக் கொடும் வெய்யிலிலே, பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னர் தொடக்கினார்கள். போர்த்துக்கல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வழியில் விழுந்து மறுநாள் இறந்தார். அதே ஓட்டத்தில் ஜப்பானியரான கனகுரி சிசோ வெய்யில் தாங்காமல் ஒருவருக்கும் சொல்லாமல் விலகிப் போய்விட்டார். அவர் 1967இல் அழைக்கப்பட்டுத் திரும்பி வந்து, 54 வருடங்களுக்குப் பின்னர் ஓட்டத்தை முடித்தது சிரிக்கத் தக்க கதை. லாசரோவின் கதை அப்படியன்று. சைக்கிள்காரரும் வெய்யிலுக்குத் தப்பினவர் அல்லர். 1960இல் ரோமாபுரியிலே டென்மார்க் வீரர் குனூட் எனெமார்க் ஜென்சன் கொடுவெய்யிலிற் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தார். 1967இல் பிரான்சின் வோந்து மலையில் ஆங்கிலேயரான ரொம் சிம்சன் இறந்தார். அங்கே வெய்யிலோடு ஊக்க மருந்தும் சேர்ந்து கொன்றது. ஆனால் அதே 1960இல் அதே ரோமாபுரியில் மரதன் ஓட்டத்தை மாலையிலே தொடக்கி இரவிலே முடித்தார்கள். தீவட்டி வெளிச்சத்தில் வெறுங்காலோடு ஓடி, எதியோப்பியரான அபேபே பிக்கிலா 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் வென்றார். அவரோடு ஓடியவர்களை வெய்யில் கொல்லவில்லை.

கடினம் என்பதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, என் தந்தையாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். 1993ஆம் ஆண்டு, பெற்றோல் இல்லாத காலம். அப்பாவுக்கு அப்போது என்னிலும் வயது குறைவு. ஓரிரவு அப்பாச்சிக்கு மூச்சு வாங்கத் தொடங்கவே, அவரைச் சைக்கிள் கரியரில் தலையணை வைத்து இருத்தி, தம் இடுப்போடு சேலையாற் கட்டிக்கொண்டு, பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு இருபது கட்டை உழக்கிப் போனார். சோளகக் காலம். வல்லைவெளியிற் காற்று. வெளிச்சம் போடவும் பயம். அப்பாச்சி அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தார். அந்த இருபது கட்டையைத்தான் நாம் நமது போட்டிக்கும் வைத்திருக்கிறோம் என்பது இப் பேச்சை எழுதும்போதே எனக்குப் பட்டது. அப்பாவிடம் "ஓடுறது கஷ்டமோ, சைக்கிள் கஷ்டமோ?" என்று கேட்டேன். "பின்னாலை ஆர் இருக்கினம் எண்டதைப் பொறுத்தது" என்றார்.

ஆகவே செயற்குழுவின் முன் மூன்று வேண்டுகோளை வைக்கிறேன். வருகிற சித்திரையில் இரண்டுக்கும் ஒரே அளவான கிண்ணம் கொடுக்கவேண்டும். கிண்ணம் வாங்கப் பணம் போதாதென்றால் இரண்டுக்கும் கைவிளக்கே கொடுங்கள். நான் குறை சொல்லமாட்டேன். சைக்கிள் ஓட்டத்தில் எல்லோரும் கியர் இல்லாத சாதாரண வண்டியிலேயே வரவேண்டும்; அல்லாவிடில் வெளிநாட்டிலிருந்து தமையன் அனுப்பிய பந்தயச் சைக்கிளுக்கும் மீன்பெட்டிச் சைக்கிளுக்கும் இடையே நடக்கும் போட்டியாக அது முடியும். மூன்றாவது, கால் ஓட்டத்தைக் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கவேண்டும். கொடியேற்றத்தையும் பேச்சுகளையும் அதற்குப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். பேச்சாளர்கள் வெய்யிலில் நிற்கட்டும். அவர்களுக்குப் பந்தல் உண்டு.

சில சகோதரிகள் தங்களுக்கும் சைக்கிள் ஓட்டம் வேண்டுமென்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒலிம்பிக்கிலே பெண்களை மரதன் ஓடவிட 1984ஆம் ஆண்டு வரை தயங்கினார்கள். நாமும் அவ்வளவு காலம் தயங்க வேண்டுமா? நாள்தோறும் ஐந்து கட்டை, ஆறு கட்டை சைக்கிளிற் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அவர்கள்.

இன்னுமொன்று. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் நமது நாட்டைச் சேர்ந்த கருணானந்த பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தில் எல்லோருக்கும் கடைசியாக, மற்றவர்கள் எல்லாரும் முடித்தபின்னரும் தனியே சுற்றிச் சுற்றி ஓடி முடித்தார். முதலிற் சிரித்த சனம் கடைசியில் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கதையை ஜப்பானில் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் சேர்த்தார்கள். நமது போட்டியிலே முதல் மூன்று பேர் வந்தவுடன் கயிற்றைச் சுருட்டிவிடுகிறோம். இம்முறை கடைசி ஆள் வந்து சேரும் வரை கயிறு கட்டியபடியே இருக்கட்டும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க நான் சம்மதம். மறுபக்கத்தைப் பிடிக்க ஒருவர் வேண்டும். சென்ற மாதம் அந்தக் கேள்வியைக் கேட்ட பெரியவர் கூட்டம் தொடங்கமுன்னரே என்னிடம் வந்து, தாம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.